தணிகாசலத்தின் பேரில் வந்த பெட்டி

முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்த நகரிக் குடும்பம், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் மூட்டையைக் கட்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வெயில் தாழக் கிளம்புவதாகத்தான் பேச்சு. அம்சா குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தபோது, அந்த வீட்டு அம்மாள் கைக்குழந்தையை இரண்டு புடவையால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில், வெயிலில் நின்றிருந்தாள்.

"சலி அம்மா," என்றாள். "லோபல சால சலி."

உள்ளே ரொம்பக் குளிர்கிறதாம். திருத்தணியில் பாதிப் பேச்சு தெலுங்குதான், அம்சாவுக்கு வார்த்தை புரிந்தது. விஷயம்தான் புரியவில்லை. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. எதிர்வீட்டு நாய் சாக்கடை ஈரத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடந்தது. இந்த வெயிலில் யாருக்குக் குளிரும்? குழந்தைக்குக் காய்ச்சல் போல, அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, வாங்கிய முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு அறையைப் பெருக்கப் போனாள்.

வாசற்படியைத் தாண்டிய கால், ஆற்றில் இறங்கினது போலச் சில்லிட்டது. சிவப்புச் சிமென்ட் தரையில் மெல்லிய ஈரம் படிந்திருந்தது. மேற்குச் சுவர், எரிகிற வெயிலை மறுபக்கம் வாங்கிக்கொண்டிருந்த சுவர், உள்பக்கம் வேர்த்து, வேர்வை கோடு கோடாக இறங்கி, கோட்டின் அடியில் சொட்டாகத் திரண்டு நின்றது. ஒரு வாசனையும் இருந்தது. நனைந்த கம்பளியை வெகுநாள் பெட்டிக்குள் அடைத்து வைத்துத் திறந்தது போல. அதற்கு அடியில், ஸ்டவ்வைப் பற்ற வைக்கத் தெரியாதவர்கள் கொட்டிவிட்ட மண்ணெண்ணெய் போல. அம்சா நின்றாள். ஈரம் அறை முழுக்கவும் இல்லை. நடு அறையில் ஆள் நீளத்துக்கு ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது.

பெட்டியை வைத்திருந்த இடம்.

துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அவள் புருஷன் தணிகாசலம் விமானப்படையில் மெக்கானிக். அறுபத்தஞ்சில், காஞ்சனா வயிற்றில் இருந்தபோது, லடாக் பக்கம் சாமானும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போன ஒரு விமானத்தில் அவனும் போனான். விமானம் மலைகளுக்கு நடுவே எங்கேயோ மறைந்தது. இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை. காணவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு அம்சா யார் என்று ஊருக்கே தெரியவில்லை. நோன்பு, வளைகாப்பு என்றால் கூப்பிடவும் தயங்கினார்கள், கூப்பிடாமல் விடவும் தயங்கினார்கள். அவள் பொட்டும் தாலியுமாக, முன்னறையை மலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, மகளை வளர்த்தாள்.

இந்தத் தை மாதம் பள்ளிப்பட்டிலிருந்து காஞ்சனாவுக்கு ஒரு இடம் வந்தது. சைக்கிள் கடை வைத்திருக்கிற சடகோபன். பையனுக்குப் பிடித்துவிட்டது, இவளுக்கும்தான். பையனின் அம்மா கௌரியம்மாள்தான் தாம்பூலத்தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பத்திரிகையில இன்னான்னு போடுவீங்க?" என்று கேட்டாள். "இருக்காருன்னு போடுவீங்களா, இல்லன்னு போடுவீங்களா? அது தெரியாத வீட்ல பொண்ணு எடுத்தா நாலு பேரு எங்களத்தான கேப்பாங்க."

மாசியில் விமானப்படையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மலையேறப் போனவர்கள் பனிப்பாறைக்குள் விமானத்தின் துண்டுகளைக் கண்டிருக்கிறார்கள். ஆட்களையும். எல்லோரையும் இல்லை, யார் யார் என்று தெரிகிற நிலையிலும் இல்லை. அதிகாரி தமிழ்க்காரர்தான், நிதானமானவர். ஒரு புகைப்படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் அதைப் பார்க்கும் நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இடது முன்கை. பழைய புளியங்காய்த் தோல் போல இறுகிக் கறுத்திருந்தது. அதில் நீலமாகப் பச்சை குத்தியது தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கும் இடது கையில பச்சை குத்தியிருந்ததா ரெக்கார்டுல இருக்கும்மா. ஆனா இன்னா படம்னு எழுதல. அவசரம் இல்ல. சந்தேகமா இருந்தா இல்லன்னே சொல்லிடுங்க. இன்னும் சில வீட்ல கேக்க வேண்டியிருக்கு."

தணிகாசலத்தின் கையில் இருந்தது வேல். கலியாணமான புதிதில், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், மலையடிவாரத்தில் உட்கார்ந்து குத்திக்கொண்டான். அன்று ராத்திரி அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். வீங்கியிருந்தது. புகைப்படத்தில் இருந்தது ஒரு பூ. பூவுக்குக் கீழே இரண்டு இலை.

சமையலறையில் காஞ்சனா வளையல் சத்தம் கூட வராமல் நின்றிருந்தாள். அந்த அமைதி அம்சாவுக்குக் கேட்டது.

"ஆங்," என்றாள். "அவர்தாங்க."

பங்குனியில் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று அடைத்து அனுப்பியிருந்தார்கள். முன்னறையில் வைத்தார்கள். தணிகாசலத்தின் தம்பி தேசப்பன் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து, தறிக்காரக் கைகளால் பெட்டியைத் தடவித் தடவி அழுதான். நந்தியாற்றங்கரையில் அவன்தான் கொள்ளி வைத்தான். கருமாதியன்று அம்சாவின் தாலியைக் கழற்றினார்கள். யாருக்கோ கழற்றுகிறோம் என்று அவளுக்கு மட்டும் தெரியும். வைகாசிக்கு முகூர்த்தம் குறித்து, 'காலஞ்சென்ற' என்று போட்டுப் பத்திரிகை அடித்தாயிற்று.

நகரிக் குடும்பம் போனதற்குப் பிறகு அம்சா முன்னறையை யாருக்கும் விடவில்லை. வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தாள். ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் அறை சும்மா இல்லை. மத்தியானங்களில், தெருவே வெயிலில் மயங்கிக் கிடக்கிற நேரத்தில், அங்கே யாரோ மூச்சு விட்டார்கள். மலைப்படி முழுக்க ஓடியே ஏறினவன் போல வாயால் இழுத்து, நிறுத்தி, போதாமல் மறுபடி இழுக்கிற மூச்சு. அம்சா அரிசி களைகிற கையை நிறுத்தினால் அதுவும் நிற்கும். களைந்தால் தொடரும்.

ஒருநாள் கதவு திறந்திருந்தது. காஞ்சனா உள்ளே, அந்தக் காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தண்ணீர் டம்ளர்.

"இங்க இன்னாடி பண்ற?"

"மெதுவா பேசும்மா. நைனா வந்துகிறாரு."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறந்ததிலிருந்து அப்பா என்று ஒரு ஆளின் குரலைக் கேட்டிராத பெண். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் எழுதும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி யோசித்த பெண். அம்சா குனிந்து டம்ளரைப் பார்த்தாள். தண்ணீரின் மேல், பால் ஆறினால் கட்டுகிற ஆடை போல, மெல்லியதாக ஏதோ படர்ந்திருந்தது. தொட்டாள். ஆடை கண்ணாடி போல உடைந்தது.

"என்ன முன்னின்னு கூப்புட்றாரும்மா. அது இன்னா, தெலுங்கா?"

தெலுங்கு இல்லை. வடக்கேயிருந்து வருகிற யாத்திரைக்காரர்கள் சின்னப் பெண் குழந்தைகளை அப்படிக் கூப்பிட்டு அம்சா கேட்டிருக்கிறாள். எங்கேயோ ஒரு ஊரில், இவளைப் போலவே அப்பாவைப் பார்க்காத ஒரு முன்னி. அவள் வீட்டில் அந்தப் புகைப்படத்தைக் காட்டவே இல்லை. காட்டுவதற்கு முன்னால் இங்கே ஒருத்தி ஆங் என்றுவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அது உங்க நைனா இல்லடி என்று. ஒரு வார்த்தைதான். சொன்னால் பத்திரிகை? கலியாணம்? கொள்ளி வைத்த தேசப்பன்? அம்சா டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து காஞ்சனா அறையை விட்டு வெளியே வருவது குறைந்தது. சாப்பாட்டைத் தட்டோடு உள்ளே கொண்டுபோனாள். சடகோபன் ஒருநாள் பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து, வாங்கி வந்த பூவை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனான். அவள் எழுந்து வரவில்லை. கதவுக்குப் பின்னால் தாழ்ந்த ஆண் குரல் ஒன்று நீளமாக, ஏற்ற இறக்கமில்லாமல், புரியாத பாஷையில் பேசிக்கொண்டே இருந்தது. நடுநடுவே காஞ்சனாவின் சிரிப்பு. அவள் கை விரல் நுனிகள் மெழுகு போல வெளுத்தன, பிறகு நீலம் பாரித்தன, பிறகு கறுத்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐஸ் கம்பெனில வேலை செய்றியாம்மா?"

காஞ்சனா சிரித்தாள். வலிக்கவே இல்லை என்றாள்.

அம்மையார்குப்பத்துக்கு அனுப்பிப் பார்த்தாள் அம்சா. காலை பஸ்ஸில் தேசப்பன் அழைத்துப் போனான். சாயங்காலத்துக்குள் காஞ்சனா திரும்பி வந்து நின்றாள், தனியாக, செருப்பில்லாமல், கொதிக்கிற ரோட்டில் நடந்து. உள்ளங்காலில் ஒரு கொப்புளம் இல்லை. அவள் மிதித்து வந்த இடமெல்லாம் வாசலில் ஈரமாக இருந்தது.

"அவர் தனியா இருப்பாரே," என்றாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போயிற்று. தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் வாயடைத்தது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த பவர்லூமும் நின்றது. அம்சா சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். இனிமேல் முடியாது. கலியாணம் நிற்கட்டும். ஊர் காறித் துப்பட்டும்.

காஞ்சனா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்துவிட்ட கூந்தல். கூந்தல் உச்சியிலிருந்து நுனிவரை மெல்ல அமுங்கி எழுந்தது. மறுபடி உச்சியிலிருந்து. யாரோ தடவிக் கொடுக்கிறார்கள். தடவின இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது.

அம்சாவின் பற்கள் அடித்துக்கொண்டன. வாயிலிருந்து புகை வந்தது.

"நீங்க என் வீட்டுக்காரர் இல்லீங்க." வெற்றிடத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் பொய் சொல்லிட்டேன். உங்களுக்குன்னு ஒரு வீடு இருக்கும். ஒரு பொண்ணு இருக்கும். அங்க போங்க. என் பொண்ண உட்ருங்க."

கூந்தல் அசைவது நின்றது. மூச்சும் நின்றது.

"காஞ்சனா. அது உங்க நைனா இல்லடி."

"தெரியும்மா."

திரும்பாமலே சொன்னாள்.

"மொத நாளே சொல்லிட்டாராம். எனக்குத்தான் அவர் பேச்சு புரியல. இப்ப புரியுது." நீளமாக மூச்சை இழுத்தாள், வாயால், நிறுத்தி, மறுபடி. "அவர் வீட்ல இப்ப யாருமே இல்லியாம்மா. போயிப் பாத்துட்டுத்தான் வந்தாராம். இருபது வருசம் அந்தப் பனியில யாரும் பேர் சொல்லிக் கூப்புடலியாம். நீதான் மொதல்ல ஆங்னு சொன்னியாம். அதுக்கப்புறம்தான் எழுந்துக்க முடிஞ்சுதாம்."

"எழுந்து வாடி வெளிய."

"நேத்து ராத்திரிலருந்து அவர் இங்க இல்லம்மா. இப்பதான் திரும்பி வந்தாரு."

"எங்க போனாரு?"

காஞ்சனா எழுந்தாள். கறுத்த விரல்களால் அம்மாவின் கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டாள். அந்த விரல்கள் பட்ட இடத்தில் அம்சாவுக்குக் கை மரத்துப்போயிற்று.

"மத்தவங்களைக் கூட்டியார."

தெருவில் சத்தம் கேட்டது. இளகின தாரிலிருந்து கனமான பூட்ஸ் ஒன்று பிய்ந்து வருகிற சத்தம். இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. எதிர்வீட்டு நாய் ஒருமுறை முனகியது. அப்புறம் அதுவும் இல்லை.

காஞ்சனா வாசல் கதவைத் திறந்தாள்.

தெரு நிறைய ஆட்கள். கம்பளிக் கோட்டுகள். தோள்களில் வெள்ளை. கத்திரி வெயில் அடித்து ஓய்ந்த தெருவில் அந்த வெள்ளை உருகவில்லை. வரிசையாக நின்றார்கள், ரேஷன் கடையில் நிற்பது போல, ஒருவர் பின் ஒருவராக, பொறுமையாக. வரிசை தெருமுனை வரை போய்த் திரும்பியது. திரும்பின இடத்துக்கு அப்பாலும் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"இவங்களையும் யாரும் தேடி வரலியாம்," என்றாள் காஞ்சனா. "இன்னார்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதுமாம்."

அம்சா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். இதில் ஒருவன் தணிகாசலம். இதில் ஒருவன் அவள் தடவிப் பார்த்த கை. எவன்? எல்லாத் தொப்பிகளுக்கும் கீழே ஒரே மாதிரி, மங்கலான பனிக்கட்டி. மூக்கில்லை. கண்ணில்லை. ஆழத்தில் ஏதோ ஒரு நிழல் மட்டும், வெளியே வர வழி தெரியாமல்.

முதலில் நின்றவன் படியேறி வந்தான். காஞ்சனா விளக்கை உயர்த்திப் பிடித்தாள். அம்சாவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவன் அந்த முகத்தை மெல்லக் குனிந்து விளக்கருகே கொண்டுவந்தான். பின்னால் நின்ற அத்தனை பேரும், அவளைப் பார்ப்பதற்காக, ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.