தொட்டிலுக்கு மேல் காய்ந்த கொக்குத்தோல்

இறகு வியாபாரி வேனை விட்டு இறங்கியதும் அவரை வாவென்று அழைத்தது நாற்றம்தான். தங்கை வீடு ஏரிக்கரையை ஒட்டிய பழைய வீடு. மீன் வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இது அந்த ரகமில்லை. யாரோ மீனை விழுங்கி, பாதி செரித்தபின் மனம் மாறி வெளியே அனுப்பியது போன்ற புளித்த, வெதுவெதுப்பான வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டே கதவைத் தட்டினார்.

தங்கை புருஷன் பாதிக் கதவுதான் திறந்தான்.

"சரக்கு ரெடி மச்சான். எடுத்துக்கிட்டு கிளம்புங்க."

"என்ன மாப்ளே, ஒரு வாய் தண்ணி கூட குடுக்காம துரத்துற? நான் மச்சானா, வரி வசூல் பண்ண வந்தவனா?"

அவன் சிரிக்கவில்லை. கண்ணுக்கடியில் கருவளையம் கட்டியிருந்தது.

வெள்ளைக்கொக்குக்குக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் மட்டும் முதுகில் நூல் நூலாக ஓர் இறகு வளரும். தொப்பிக்கும் மேடை உடுப்புக்கும் அதைத்தான் கேட்பார்கள். கொக்கைத் தொடக் கூடாது என்கிறது சட்டம். அதனாலேயே விலைக்குக் கொம்பு முளைத்துவிட்டது. கூட்டில் இருக்கும் தாய்க்கொக்கு குஞ்சை விட்டுப் பறக்காது, ஆகவே வேலையும் சுலபம். தங்கை புருஷன் அதை அடித்து, முதுகுத்தோலை மட்டும் உரித்துக்கொண்டு, மிச்சத்தை மரத்தடியிலேயே வீசிவிடுவான். மேலே குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி காத்திருந்து காத்திருந்து காய்ந்துபோகும். குஞ்சுக்கு விலை கிடையாது. விலையில்லாததைப் பற்றி வியாபாரி கேட்டதே இல்லை.

"அண்ணே..." உள்ளே இருந்து தங்கை குரல். "இவன வந்து பாரு."

அந்த வீட்டில் ஈரம் ஏறாத அறை ஒன்றுதான். குழந்தைக்காக ஹீட்டர் வைத்த அறை. ஈரம் பட்டால் இறகு ஒட்டிக்கொண்டு குப்பைக்குத்தான் போகும். ஒரே ஹீட்டரில் ரெண்டு வேலையும் முடியுமே மாப்ளே என்று போனில் யோசனை சொன்னதே வியாபாரிதான். தொட்டிலுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிறு முழுக்கத் தோல்கள். வெள்ளைவெளேரென்ற இறகுக்குப் பின்னால் மஞ்சள் கொழுப்பு உருகி, தொட்டில் துணியில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. ஒரு சொட்டு நெளிந்தது. அது சொட்டில்லை, புழு.

குழந்தை முகத்தை மேலே நிமிர்த்தி வாயைப் பிளந்திருந்தது.

அழவில்லை.

கழுத்து மட்டும் முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆடியது.

"பால் குடிக்கிறானா?"

"மொகத்த திருப்பிக்கிறான். ஆனா வயித்தப் பாரு."

வயிறு குடம் போல உப்பியிருந்தது. தங்கை அவர் காதருகே வந்தாள். "யாரோ ஊட்டுறாங்கண்ணே. நான் இல்ல."

குழந்தை குமட்டியது. துணியில் ஒரு கொத்து விழுந்தது. விரல் பருமனில் சின்ன மீன்கள், வழவழவென்று, தோல் கரைந்து கண் பிதுங்கி. ஒன்றின் வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

வியாபாரி குடித்துவிட்டு வந்த காப்பி தொண்டை வரை ஏறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருண்ணே. புள்ள என் கையில தங்கமாட்டான் போல இருக்கு. அந்தச் சரக்கு மட்டும் வேணாம்."

"நல்லா இருக்கே! சரக்கில்லாம போனா வாங்குறவன் என் தோல உரிச்சித் தொங்கவிடுவான். மூட்டை பின்னால, நீங்க முன்னால. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பேரம் பேசியே வளர்ந்த வாய், தங்கையிடமும் அடங்கவில்லை. கயிற்றிலிருந்த தோல்களையும் மூட்டைகளில் திணித்து வேனில் ஏற்றினார். தங்கை புருஷன் கூட வரவில்லை. ஒரு மரம் பாக்கி இருக்கிறதாம்.

பட்டப்பகல். ஏரிக்கரைச் சாலையில் ஈ காக்கை இல்லை.

வேன் கூரையில் 'தொப்' என்று ஏதோ இறங்கியது.

பிறகு நகங்கள் தகரத்தில் கீறிக்கொண்டே நடந்தன. பின்னாலிருந்து முன்னால். குழந்தையின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றன.

குழந்தை கழுத்தை நீட்டியது.

ஓட்டையே இல்லாத கூரையிலிருந்து கொழகொழவென்று ஒன்று வடிந்து அதன் வாயில் விழுந்தது.

களக்.

விழுங்கிவிட்டது.

"இவன தன் குஞ்சுன்னு நெனச்சிருச்சுண்ணே," தங்கை கிசுகிசுத்தாள். "அந்த மூட்டைங்களத் தூக்கிப் போட்டுரு. உன் கால்ல விழறேன்."

வியாபாரி வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்தார். முதல் மூட்டையைக் கட்டிப் பிடித்தார். காய்ந்த தோல் சருகு மாதிரி இருக்க வேண்டும். இது சுடச்சுட இருந்தது. உள்ளே எத்தனையோ நெஞ்சுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மூட்டையின் ஓரத்தில் கசிந்த கொழுப்பு அவர் முழங்கை வரை வழிந்தது.

ஒன்று விடாமல் ஏரியில் வீசினார்.

கூரை லேசானது. குழந்தை வாயை மூடி, முகத்தைச் சுளித்து, வீலென்று மனிதக் குழந்தையாக அழுதது. தங்கை பால் கொடுத்தாள், குடித்தது. வியாபாரி வேனில் சாய்ந்து வாந்தி எடுத்தார். பின்பு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சிரித்தார்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் வியாபாரி வீட்டில் அது நிம்மதியாகத் தூங்க, அவர் தங்கை புருஷனுக்கு போன் போட்டார். எடுத்தது ஒரு மீனவன்.

"மரத்தடியில உக்காந்திருக்காருங்க. உசுரு இல்ல. மொகம் மேல பாத்தபடி இருக்கு, வாயை மூடவே முடியல. தொண்டை முட்டும் மீனுங்க."

வியாபாரி போனை வைத்தார்.

"என்னங்க, சாப்பிட வாங்க," என்று மனைவி கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

மூடவில்லை.

தாடையைக் கையால் அழுத்தினார். மூடவில்லை. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. முகம் மேலே திரும்பியது.

"இதென்ன இந்த வயசுல விளையாட்டு? வாய மூடுங்க, அசிங்கமா இருக்கு."

புளித்த வெதுவெதுப்பான வாடை அறையை நிறைத்தது. அருவருப்பில் அவர் உடம்பு முழுக்கக் கூசியது. ஆனால் வயிறு, அந்த வெட்கங்கெட்ட வயிறு, பசியில் துள்ளியது.

கூரைமேல் ஏதோ வந்து இறங்கியது. மெல்ல நடந்து அவர் தலைக்கு நேர் மேலே நின்றது. பிறகு குமட்டத் தொடங்கியது.