பாவை எண் நாற்பத்தொன்று

காலைக் கஞ்சி குடித்த கையோடு செம்மண்குடியில் நாற்பது பேர் மலையேறக் கிளம்பினார்கள்; அதாவது, சாய்வு நாற்காலிகளில் மல்லாந்து கண்ணை மூடினார்கள். செவ்வாய்க் கிரகத்தில் அதுதான் வழக்கம். கருநாபி என்ற அவிந்துபோன எரிமலையின் விளிம்பில் அவர்களுக்காக இரும்புப் பாவைகள் நடக்கும். பாவை பார்ப்பதும் தொடுவதும் பிடரியில் பதித்த சில்லு வழியாக நாற்காலிக்காரருக்கு வந்து சேரும். கால்வலி மட்டும் வராது.

வடிவாம்பாள் நாற்காலிப் பக்கமே போகவில்லை. காற்றுடுப்பை மாட்டிக்கொண்டு குடியிருப்பின் வெளிவாசலில் வந்து நின்றாள். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் அந்த மலையடிவாரத்தில் தண்ணீர்ப் பம்புகளைப் பழுது பார்த்தவள். உச்சியை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

வாசல் காவலர் இருதயராஜ் பதறினார். "அக்கா, பாவை தவிர யாரையும் மேலே விடக்கூடாதுன்னு சட்டம்."

"அப்ப நானும் ஒரு பாவைன்னு எழுதிக்க."

"விளையாடாதீங்கக்கா. ஆறு மணி நேரக் காத்துதான் இருக்கு. விழுந்தா தூக்க ஆளில்ல."

"விழுந்தா எந்திரிச்சுக்கிறேன். கதவைத் திற, தம்பி."

 அவர் பதிவேட்டில் 'பாவை எண் நாற்பத்தொன்று' என்று எழுதி, அதே எண்ணை அவள் உடுப்பிலும் ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

சாம்பல் சரிவில் இரண்டு முறை வழுக்கினாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஒன்றரை மணி நேரத்தில் விளிம்பைத் தொட்டாள்.

ஓர் ஊரையே விழுங்கும் பள்ளம். எதிர்ச்சுவரில் என்றோ உறைந்த தீக்குழம்பு மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வடிவாம்பாள் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள்.

நாற்பது பாவைகளும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, கையை உயர்த்தித் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொண்டிருந்தன.

"ஏய் நாப்பத்தொண்ணு, தள்ளு! படத்துல விழறே!" என்று ஒரு பாவை அலைவரிசையில் அதட்டியது.

"பள்ளம் அந்தப் பக்கம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

விளிம்பின் பாதிச் சுற்றில் உடுப்பு அலறியது: காற்று குறைகிறது, வந்த வழியே திரும்பு. அவள் காற்றளவு முள்ளைப் பார்த்தாள். திரும்பினாலும் அதே தூரம், தொடர்ந்தாலும் அதே தூரம். அலாரத்தை அணைத்தாள். மூச்சை அளந்து விட்டபடி முன்னால் நடந்தாள். சுற்றை முடித்து, சரிவில் இறங்கி வாசலுக்குள் விழுந்தபோது பத்து நிமிடக் காற்று மிச்சமிருந்தது.

இருதயராஜ் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார். "அக்கா, உங்க பேர்ல நாப்பது புகார் வந்திருக்கு."

"என்னவாம்?"

அவர் திரையைப் பார்த்து வாசித்தார். "'பாவை எண் நாற்பத்தொன்றில் கோளாறு. மூச்சு வாங்குகிறது. ஒரே இடத்தில் நின்று பள்ளத்தையே வெறித்துப் பார்க்கிறது. முழுச் சுற்றிலும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. உடனே பழுது நீக்கவும்.'"

வடிவாம்பாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரிப்பேருக்கு வராதுன்னு பதில் போடு. அது நாளைக்குப் பள்ளத்துக்குள்ளே இறங்குது."