அரிப்புக்கரையின் பழைய படம்

முதலில் வந்தது நாற்றம்தான். சிப்பி அழுகும் நாற்றம். பெற்றிசியா சமையலறை வாளியைத் திறந்து பார்த்தாள். பிழிந்த தேங்காய்ப்பூவைத் தவிர ஒன்றுமில்லை. கிணற்றடியில் உப்புக்காற்று மட்டும் வீசியது. திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தபோது, லாப்டொப்புக்குப் பக்கத்தில்தான் அந்த நாற்றம் கனமாக நின்றது.

தவணை விடுமுறை தொடங்கி நான்கு நாள். அரிப்பு என்ற கடலோர ஊரின் பிள்ளைகளுக்கு வரலாறும் புவியியலும் படிப்பிக்க வந்தவளுக்கு ஊரின் கடைசியில், கடற்கரை வெளியில் தனித்து நின்ற இந்த வாடகை வீடு கிடைத்திருந்தது. அம்மா செத்தபிறகு ஓலைத்தொடுவாயில் இருந்த சொந்த வீடு பூட்டிக் கிடந்தது. நான்கு நாளாக அவளுக்கு ஒருவரும் போன் எடுக்கவில்லை. அதனாலோ என்னவோ, பத்தாம் தரத்துக்கான பாடத்தில் முழுதாக இறங்கியிருந்தாள். இணைய வரைபடத்தில் தெரியும் செய்மதிப் படத்தின்மேல், இந்தக் கரையில் முத்துக்குளித்து, சிப்பிகளை அழுகவிட்டு முத்தெடுத்த காலத்து நிலஅளவைப் படமொன்றை ஏற்றிப் பொருத்த வேண்டும். பழைய படத்தின் கோட்டையை இன்றைய கோட்டையில் வைத்தாள். ஆற்று முகத்துவாரத்தை முகத்துவாரத்துக்கு இழுத்தாள். ஓரத்துப் பொத்தானை நகர்த்தினால் இன்றைய ஊர் மங்கி அன்றைய ஊர் மேலே வரும். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்.

மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. பொத்தானை மெல்ல நகர்த்தினாள். பாடசாலை மங்கியது. வீதி மங்கியது. அவள் இருந்த வீட்டின் கூரையும் மங்கி, அந்த இடத்தில் மையால் வரைந்த ஒரு சதுரம் எழுந்தது. அதற்குப் பெயர் எழுதியிருக்கவில்லை.

வெளியே யாரோ இருமினார்கள்.

முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது. இன்னோர் இருமல். ஈரத்துணி பிழிவதுபோல ஒரு சத்தம், பலர் தாழ்ந்த குரலில் கதைப்பதுபோல ஒரு முணுமுணுப்பு. அவள் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது, பக்கத்தில் வீடே இல்லை.

கோயிலடியில் இருக்கும், வீட்டின் சொந்தக்காரர் யாகப்பருக்குப் போன் எடுத்தாள்.

“அங்கிள், வீட்டுக்குப் பக்கத்திலை ஆரும் மீன்வாடி போட்டிருக்கினமோ?”

“இல்லை ரீச்சர். ஏன் கேக்கிறியள்?”

“சிப்பி மணக்குது. கனபேர் கதைக்கிற சத்தமும் கேக்குது.”

மறுபக்கம் கதிரை தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“ரீச்சர், ஒண்டும் எடுக்க வேண்டாம். உடனை வெளிக்கிடுங்கோ. நான் மோட்டச்சைக்கிளிலை றோட்டுக்கு வாறன்.”

“என்ன அங்கிள், என்ன விஷயம்?”

“முதல்லை வாங்கோ பிள்ளை.”

இதுவரை ரீச்சர் என்றே அழைத்தவர் பிள்ளை என்றதும் அவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள். பொத்தானைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். திரையில் கூரை வந்தது, வீதி வந்தது. சத்தம் நிற்கவில்லை. இப்போது ஈக்கள். ஆயிரக்கணக்கில். சுவரின் மறுபக்கம். பிறகு எல்லாப் பக்கமும்.

முன்கதவை அடைந்தாள். தாழ்ப்பாள் ஈரமாயிருந்தது.

இழுத்தாள்.

சத்தம் அறுந்தது.

வெயில் இன்னும் இருந்தது. வீதிவரைக்கும் மணலே தெரியாமல் ஆட்கள் குந்தியிருந்தார்கள். கறுத்து ஊறிய உடம்புகள். ஒவ்வொருவர் காலிலும் கயிற்றில் ஒரு கல், முத்துக்குளிப்பவர்கள் ஆழத்துக்கு இறங்கக் கட்டுவது. அவர்களிலிருந்து நீர் சொட்டியது, மணல் நனையவில்லை. எல்லா முகங்களும் அவளையே பார்த்தன. ஒன்றிலும் கோபம் இல்லை.

முன்னால் இருந்தவன் சற்றுத் தள்ளிக் குந்தினான். அவனுக்குப் பக்கத்தில் ஒரேயோர் ஆளுக்கு இடம்.

பிறகு அத்தனை பேரும் ஒன்றாக மூச்சிழுத்தார்கள். ஒன்றாக மூக்கைப் பொத்தினார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். காற்று இல்லை.

எங்கோ யாகப்பரின் ஹோர்ன் கேட்டது. வீதியிலிருந்து அல்ல. தலைக்கு மேலே, வெகு உயரத்திலிருந்து.

வாசலில் நின்றவளின் தலைமயிர் மெல்ல அவிழ்ந்து, மேலெழுந்து, மிதக்கத் தொடங்கியது.