ஊசிக்காரர் சொன்ன காய்ச்சல்

"இன்னிக்கும் காய்ச்சல்னு சொன்னீங்க... நடக்கிறதே வேற!"

மழையில் நனைந்த குடையை மூலையில் சாத்தும்போதே அவள் சண்டையைத் தொடங்கிவிட்டாள். வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் அந்தச் சின்ன அறையில் ஊசிக்காரர் மட்டும்தான் இருந்தார். அவள் மனசுக்குள் வைத்த பெயர் அது. நெடுநெடுவென்று வளர்ந்த ஆண் நர்ஸ். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேச்சு. ஆனால் அந்தக் கண்கள்... அவளைக் கண்டாலே திருதிருவென்று விழித்தன. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம்.

காய்ச்சல் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடமாட்டார்கள். இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். வீட்டுக்குப் போய்த் தொட்டால் நெற்றி ஜில்லென்று இருக்கிறது! கடல் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில் ஆறு மாதம் தங்கிக் குடிநீர்க் குழாய் பதிக்கப் போகிற இன்ஜினியர் அவள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அந்த நாட்டுக்குள் விடுவார்கள். இன்றும் தவறினால் அவள் இடத்துக்கு வேறொருவர் போய்விடுவார்.

போதாததற்கு நேற்று இரண்டாம் முறை வந்தபோது இந்த மாடிப்படியில் அம்மா இறங்கி வந்ததைக் கண்ணாரப் பார்த்திருக்கிறாள். "தனியா அவ்வளவு தூரமா?" என்று கேட்டுத் தினமும் மூக்கைச் சிந்துகிற அம்மா.

"எங்கம்மாவும் நீங்களும் கூட்டுதானே?"

அவர் தெர்மாமீட்டரை எடுத்தார். ஏனோ தயங்கினார்.

"கீழ டீ குடிச்சீங்களா?"

"மழைக்குச் சூடா குடிச்சேன். வர்றப்பல்லாம் குடிக்கிறதுதான். அதுக்கென்ன?"

"வாய்ல சூடு இருந்தா இதுல காய்ச்சல் மாதிரி காட்டும். கொஞ்ச நேரம் உக்காருங்க."

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் காய்ச்சலே இல்லை. ஒரு கையில் மஞ்சள் காய்ச்சலுக்கு, மறு கையில் மஞ்சள்காமாலைக்கு என்று இரண்டு ஊசியும் போட்டு முடித்தார். வலிக்கக்கூட இல்லை. நிம்மதி வரவேண்டிய நேரத்தில் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும் என்பது விதி. அவளும் போகமுடியாது, அவரும் தப்பமுடியாது. அவர் காலிக் குப்பிகளை ஒதுக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மொத தடவை நிஜமாவே தோணல. நேத்து உங்கம்மா வந்து, எதையாவது சொல்லி நிறுத்துப்பான்னு அழுதாங்க. முடியாதும்மான்னுட்டேன்."

"ரெண்டாவது தடவை?"

அவர் காதுமடல் சிவந்தது.

"டீ வாசனை வந்துச்சு... புரிஞ்சுது. ஆனா ஊசி போட்டுட்டா நீங்க மறுபடி வரமாட்டீங்களேன்னு... தப்புதான். ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. மேலிடத்துல சொல்லிடுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு... அதுக்காக உங்க பயணத்தைக் கெடுக்கப் பார்த்தேன்."

சந்தேகப்பட்டது சரி, காரணத்தைத்தான் தப்பாக நினைத்திருக்கிறாள்! திட்ட வாயெடுத்தாள். சிரிப்புதான் முந்திக்கொண்டது. இந்தத் திருட்டு முழியைப் பார்க்கத்தானோ, தானும் ஒவ்வொரு முறையும் குடையை உதறும் சாக்கில் வாசலில் நின்றது?

"மஞ்சள்காமாலைக்கு ரெண்டாவது ஊசி எப்போ?"

"ஆறு மாசம் கழிச்சு... எங்க வேணா போட்டுக்கலாம்."

"இங்கதான் போட்டுப்பேன். அதுவரைக்கும் உங்களுக்குத் தண்டனை இருக்கு. வாராவாரம் எங்கம்மாவைப் போய்ப் பாக்கணும். அழுதா உக்காந்து கேக்கணும்."

"யாருன்னு சொல்லிக்கிட்டுப் போறது?"

அவள் குனிந்து, ஊசி போட்ட இடத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளைன்னு சொல்லுங்க... நிஜமாவே அழுகையை நிறுத்திடுவாங்க."