இருபத்து மூன்றாவது மிதி

கேபினில் யாரும் இல்லை. ஆனாலும் லேப்டாப் திரையில் 'பிரேக்' என்ற வரிக்கு நேரே 'ஆன்' என்று வந்தது, ஒரு நொடி நின்றது, 'ஆஃப்' ஆனது.

சனியன், என்று அருள்முருகன் பல்லைக் கடித்தான். பிரேக் மிதிக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. மிதித்தால் என்ஜினின் கண்ட்ரோல் பெட்டிக்கு அது தகவல் சொல்லும். மோதியதில் நசுங்கிப்போய் இப்போது உளறுகிறது, வேறென்ன. காலையிலிருந்தே அவன் எதைக் கண்டாலும் எரிந்து விழும் நிலையில் இருந்தான். மே மாதத்து மூன்று மணி வெயிலில், அரியலூர் ரோட்டோரத் தகரப் பட்டறையில், முதலாளி சொல்லிவிட்டார் என்பதற்காக ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிவிட்டு, மூக்கு நசுங்கிய ஒரு டிப்பர் லாரியோடு அடைபட்டுக் கிடந்தால் யாருக்குத்தான் எரியாது?

உள்ளே பினாயில் வாசனை, அதற்கு அடியில் கருகிய ஆயில் வாசனை, அதற்கும் அடியில் கழுவக் கழுவப் போகாத சுண்ணாம்புக்கல் தூசியின் வாசனை. மைன்ஸ் லாரிகள் ரோட்டில் போகும்போதெல்லாம் கூரைத் தகரம் கிடுகிடுவென்று ஆடி அடங்கியது. அடங்கிய பிறகு, மரக்கட்டைகள் மேல் முன்சக்கரம் இல்லாமல் நின்ற அந்த லாரியிலிருந்து, வெயிலில் இரும்பு விரியும் சத்தம் மட்டும் டிக், டிக்கென்று வந்துகொண்டிருந்தது. வெயில்தான் என்று அவன் சொல்லிக்கொண்டான். ஷட்டரை இறக்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த வண்டிதான் மைன்ஸ் சரிவில் கட்டுப்பாடு இல்லாமல் இறங்கி வெள்ளைப் பாறைச் சுவரில் மோதியது. டிரைவர் மதுரைவீரன் அங்கேயே செத்தான். குடித்திருந்தான், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தான் என்று முதலாளி அய்யம்பெருமாள் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டார். மதுரைவீரனும் அருள்முருகனும் மீன்சுருட்டியில் ஒரே தெரு. ஒரே பாட்டிலில் முதல் பீரைக் குடித்து ஒன்றாக வாந்தி எடுத்தவர்கள். அதற்குப் பிறகு மதுரைவீரன் குடித்ததே இல்லை. இது ஊருக்கே தெரியும்.

உண்மை வேறு. அது அருள்முருகனின் விரல்களுக்குத் தெரியும். காற்று அழுத்தத்தில் ஓடும் பிரேக் அது. காற்று குறைந்தால் பஸ்ஸர் அலறும், புது மாடல் வண்டி என்பதால் கண்ட்ரோல் பெட்டி என்ஜினின் இழுவையையும் குறைத்துவிடும். காற்று கசியும் வண்டியை ரிப்பேருக்கு நிறுத்தினால் அன்றைய நடையின் வாடகை போகும். அதனால் அழுத்தம் பார்க்கும் சென்சாரின் வயரில் அரிசி அளவுக்கு ஒரு ரெசிஸ்டரை வைத்துவிட்டால் போதும், தொட்டி காலியானாலும் பெட்டி எட்டு, எட்டு என்றே காட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸரும் வாயைத் திறக்காது. பட்டறையில் இதற்குப் பெயர் மாத்திரை. அரியலூரில் எத்தனையோ வண்டிக்கு மாத்திரை போட்ட கை அருள்முருகனுடையது. இதற்கும் அவன்தான் போட்டான்.

போன் அடித்தது.

"என்னடா, முடிஞ்சுதா?" அய்யம்பெருமாள். "நாலு மணிக்கு இன்சூரன்ஸ்காரன் அவன் கம்ப்யூட்டரோட வந்துருவான். அதுக்குள்ள பொட்டியத் தொடச்சு வச்சுரு. மாத்திரையயும் புடுங்கிரு."

"மொதலாளி, அவன் கியர்லதான் எறங்கியிருக்கான். கடைசி ஒரு நிமிசம் அப்புடியே பதிவாயிருக்கு. இருவத்து மூணு தடவ பிரேக்க மிதிச்சுருக்கான்."

"செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறானா? மாத்திரை போட்டது யாரு, நானா? உன் கை. உள்ள போனா நீதான் போவ, புள்ளகுட்டிக்காரன். வெள்ளிக்கிழம சிறுவாச்சூர் கோயில்ல ஒரு பூசையப் போட்டு வண்டிய வித்துத் தள்ளிவுட்டுரலாம்."

போனை வீசி உடைக்க வேண்டும்போல இருந்தது. உடைக்கவில்லை. திட்ட வேண்டிய வார்த்தைகளெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து, வழக்கம்போல, "சரிங்க மொதலாளி" என்று வெளியே வந்தது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பும் கடைசியில் கோபமாகத்தான் திரும்பியது.

அழி என்ற பொத்தானை அழுத்தினான். பட்டியல் காலியானது.

மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது. ஏப்ரல் பத்தொன்பது, அதே பதிவு, வேகம் ஏறிக்கொண்டே போய் அறுபத்து மூன்றில் சட்டென்று பூஜ்யம். மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. மூன்றாவது முறை விசைகளை உடைக்கிற வேகத்தில் குத்தினான். இப்போது இரண்டு பதிவுகள் இருந்தன. இரண்டாவதற்கு இன்றைய தேதி. நேரம் மூன்று நாற்பத்தொன்று.

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று முப்பத்து மூன்று.

பெட்டியில் கடிகாரம் தப்பு, என்றான் வாய்விட்டு. குரல் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. வண்டிக்கு அடியில் போய் பிரேக் சுவிட்ச்சிலிருந்து இறங்கும் வயரின் கனெக்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தான். 'ஆன்.' 'ஆஃப்.' 'ஆன்.' இப்போது அதில் ஒரு தாளம் இருந்தது. காற்று இல்லாத பிரேக்கை டிரைவர்கள் விட்டு விட்டு மிதிப்பார்களே, அந்தத் தாளம்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

"அண்ணே. நான்தான், மலர்க்கொடி."

மதுரைவீரனின் மனைவி. எதிர் டீக்கடை பெஞ்சில் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"நாலு மணிக்கு அவங்க வராங்களாம்ணே. பொட்டியில என்னா இருக்கோ அதக் காட்டிருங்க. காசு கெடக்குது. குடிகாரன் பொண்டாட்டின்னு சொல்றாங்கண்ணே, என் புள்ளைய பள்ளிக்கூடத்துல வச்சு சொல்றாங்க."

இவள் ஏன் இங்கே வந்து உட்கார வேண்டும்? ஏன் அழாமல் பேச வேண்டும்? அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஷட்டரின் பூட்டு அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினால் அரை நிமிட வேலை.

"வேலையா இருக்கேம்மா. போய் ஒக்காரு."

ஷட்டரில் காதை வைத்து அவள் கேட்டாள், மெதுவாக.

"உள்ள யாருண்ணே வண்டியில?"

"யாருமில்ல."

"பிரேக்க புடிச்சு வுடுற சத்தம் கேக்குதே. புஸ்ஸு புஸ்ஸுன்னு. அவரு வண்டி தெருவுல திரும்பையில கேக்குமே, அப்புடி."

அவன் திரும்பினான். இந்த வண்டியின் காற்றுத் தொட்டி வெடித்து, மூலையில் பழைய டயர்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் காற்று இல்லை. வண்டியில் எங்கேயும் காற்று இல்லை.

புஸ்.

அவனுக்கும் கேட்டது.

பயம் ஏறியபோது அவன் அதையும் கோபமாக மாற்றினான், அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை. என்னை என்னடா செய்யச் சொல்ற மாப்ள, என்று முணுமுணுத்தான். எனக்கு மட்டும் புள்ள இல்லையா? மாத்திரை போட்டது தெரிஞ்சுதானடா நீயும் ஓட்டுன? தெரியாது. மதுரைவீரனுக்குத் தெரியாது. அவனிடம் யாரும் சொல்லவில்லை. அதுவும் அருள்முருகனுக்குத் தெரியும்.

மாத்திரையைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியையே தண்ணீர் வாளிக்குள் முக்கிவிட்டு, மோதியதில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். லேப்டாப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு கேபின் படியில் கால் வைத்தான். வைக்கும் முன் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டான். கை தானாகச் செய்தது. பிழைப்பு கொடுக்கிற இடத்தில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்று டிரைவர்கள் வெறுங்காலோடுதான் ஏறுவார்கள், ஓட்டுவார்கள். அவர்களோடு பழகிப் பழகி மெக்கானிக்கும் அப்படித்தான்.

படிக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி செருப்பு கிடந்தது. தூசி படிந்த நீல ரப்பர் செருப்பு.

அவன் அதைப் பார்க்காதமாதிரி ஏறினான்.

டிரைவர் சீட்டில்தான் உட்கார முடிந்தது, மற்றதெல்லாம் நசுங்கிக் கிடந்தது. சீட் ஈரமாக இருந்தது. பினாயில் தண்ணீர். பினாயில் தண்ணீர்தான். முன்கண்ணாடி இல்லாத சட்டத்துக்கு அப்பால் பட்டறையின் செங்கல் சுவர், பத்தடி தூரத்தில். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டான். வயர். வயர். டேப் சுற்றிய இடம். அதற்குள்ளே அரிசி அளவு. கட்டரால் வெட்டினான்.

திரையில் அழுத்தம் எட்டிலிருந்து பூஜ்யமானது.

பஸ்ஸர் அலறியது.

அதன் வயர் மோதியதிலேயே அறுந்து தொங்கியது. ஆனாலும் அலறியது. காதுக்குள், பல்லுக்குள். கதவைத் தள்ளினான். வரவில்லை. மடியில் வேகம் என்ற வரி ஓடியது. பத்து. பதினெட்டு. இருபத்தாறு.

வண்டி கட்டைமேல் நிற்கிறது. முன்சக்கரமே இல்லை. காற்று முகத்தில் அடித்தது.

நாற்பது.

அவன் கால் தானாக பிரேக்குக்குப் போனது. மிதித்தான். உள்ளங்காலுக்கு அடியில் இருந்தது மிதி இல்லை.

ஒரு பாதம். வெறும் பாதம். சுண்ணாம்புத் தூசி நரநரத்தது. சில்லென்று இருந்தது. அது மிதித்தது. எழுந்தது. அவன் பாதத்தையும் சேர்த்துத் தூக்கியது, இறக்கியது. புஸ். புஸ். ஒவ்வொன்றிலும் காற்று குறைந்தது.

பதினாறாவது மிதி. பதினேழு. அவன் எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"மலர்க்கொடி!" என்று கத்தினான். "அவன் குடிக்கலம்மா! பிரேக் புடிச்சாம்மா! நான்தான்! நான்தான்!"

பஸ்ஸர் அலறிக்கொண்டிருந்தது. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

வேகம் ஐம்பத்தெட்டு. செங்கல் சுவர் வெளுத்தது.

இருபத்தொன்று.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கைகளின் மேல் இரண்டு கைகள் வந்து இறுக்கின.

இருபத்திரண்டு.

கைக்கடிகாரத்தில் மூன்று நாற்பத்தொன்று. கண்ணாடி இல்லாத சட்டத்துக்குள் வெள்ளைப் பாறை நிறைந்துகொண்டே வந்தது. காலுக்கு அடியிலிருந்த அந்தப் பாதம், இன்னும் நிறுத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டு, மெதுவாக மேலே எழுந்தது.