இறங்கியதும் வந்த அழைப்பு

மாலை 5.30. தையல் வகுப்பிலிருந்து திரும்பிய தங்கை, சமையலறைத் தரையில் அக்காவைக் கண்டாள். கழுத்தில் ஈரத் துண்டு இறுகியிருந்தது. கத்த வாயெடுத்தபோது பின்கதவின் தாழ்ப்பாள் மெல்ல நகரும் ஓசை கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ வெளியேறினார்கள். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அக்காவின் போன் மேடைமேல் இருந்தது. எடுக்கப்படாத அழைப்பு ஒன்று: அத்தான், 4.42.

மறுநாள் காலை 9.40. முந்தின மாலை வெளியூர் பறந்து, இன்று முதல் விமானத்தில் திரும்பியதாகச் சொன்ன அத்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"பாப்பா, துணிமணியை எடுத்து வை. சின்னவன் கார் எடுத்துட்டு வரப் போயிருக்கான். மலையூர்ல எங்க அம்மாகிட்ட கொஞ்ச நாள் இரு."

சின்னவன் அவன் தம்பி. தூரத்தில் பார்த்தால் அண்ணனா தம்பியா என்று தெரியாது. மலைப்பாதையில் ஏழு மணி நேரம், அவனோடு தனியாக.

விசாரிக்கக் காவலரோடு வந்திருந்த இன்ஸ்பெக்டரைத் தங்கை உள்ளறைக்கு இழுத்தாள். பேச்சை நறுக்குவதால் ஸ்டேஷனில் அந்த அம்மாளுக்குக் கத்திரி என்று பெயர்.

"மேடம், என்னை அனுப்பாதீங்க."

"ஏன்?"

"பயமா இருக்கு."

"தாழ்ப்பாள் சத்தத்தை யார்கிட்ட சொன்னே?"

"உங்ககிட்ட. அப்புறம் அத்தான்கிட்ட."

கத்திரி அவள் தோளைத் தட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"நேத்து விமானம் எத்தனை மணிக்கு?"

"நாலு பத்து."

"அங்கே?"

"அஞ்சு அஞ்சுக்கு இறங்கினேன். டிக்கெட்லயே போட்டிருக்கு."

"டிக்கெட் கிடக்கட்டும். நீங்க கடிகாரம் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. அதே அஞ்சு அஞ்சு. முக்கால் மணி நேரம் நல்ல தூக்கம். இறங்கினதும் அவளுக்குப் போன் பண்ணேன், எடுக்கலை. அதுக்கு முன்னாடி போன் அணைஞ்சுதான் இருந்தது."

"உங்க கையிலதான் இருந்ததா?"

"பின்னே யார் கையில?"

"நீங்க பறந்ததே இல்லை."

அவன் சிரித்தான். "என்ன மேடம், விளையாடறீங்களா?"

"நீங்க சொல்ற ஊருக்குச் சாலையில போனா மலையைச் சுத்தணும். ஆகாயத்துல நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். அரை மணி நேரம்கூட ஆகாது. தாமதம்னு பேர் வாங்கக் கூடாதேன்னு டிக்கெட்ல நேரத்தைத் தாராளமாப் போடறாங்க. நேத்து நாலு முப்பத்தெட்டுக்கே தரையைத் தொட்டாச்சு. நிலையத்துல கேட்டுட்டேன். நீங்க முக்கால் மணி நேரம் எங்கே தூங்கினீங்க?"

அவன் பார்வை வாசல் பக்கம் போனது.

"உங்க பேர்ல, உங்க போனோட போனவன் சின்னவன். காலையில திரும்பி வந்தவனும் அவன்தான். இறங்கினதும் போன் பண்ணுன்னு சொல்லி அனுப்பினீங்க. மணி சொல்லலை. சொன்ன சொல்லை அப்படியே கேட்கிற பிள்ளை, இறங்கினதும் பண்ணிட்டான், நாலு நாற்பத்திரண்டுக்கு. நீங்க டிக்கெட்டை மனப்பாடம் பண்ணீங்க. அவன் நிஜமாவே போயிட்டு வந்தான். அந்த நேரத்துல நீங்க இந்த வீட்டுக்குள்ள இருந்தீங்க."

காவலர் அவன் கையைப் பிடித்தார். அவன் திமிறவில்லை. உள்ளறை வாசலில் நின்ற தங்கையை மட்டும் பார்த்தான்.

"சத்தம் கேட்டேன்னு நீ சொல்லாம இருந்திருக்கலாம், பாப்பா. சின்னவன்கிட்ட வேற சொல்லிட்டேன்."

தங்கைக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தக் கார் மலையூர் போய்ச் சேரப் போவதில்லை என்று.

வாசலில் ஹாரன் அடித்தது.

"பாப்பா, கிளம்பலாமா?" சின்னவனின் குரல். படியில் செருப்புச் சத்தம் ஏறியது.

கத்திரி தங்கையைத் தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள்.