ஆராய்ச்சிக்கு மட்டும்

ஒரு கோப்பை பிளேன்ரீக்காக ஹியூபேட் மனித இதயத்தை உருக விட்டான்.

முழு இதயம் என்று பயப்பட வேண்டாம். விரல்நுனி அளவில் சில குப்பிகள், உள்ளே தண்ணீர்போல ஏதோ. மனித இதயத் தசையின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செருகி, அது செய்துகொடுத்த புரதத்தை எடுத்து ஆய்வுகூடங்களுக்கு விற்கிறார்கள். பெயரில்தான் மனிதன், உள்ளே ஒரு மனிதனும் இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் ஹியூபேட்.

கொட்டாஞ்சேனையில் இவற்றை இறக்குமதி செய்யும் கந்தோரில் விற்பனையும் அவன்தான், களஞ்சியமும் அவன்தான், கேத்தல் வைப்பதும் அவன்தான். பழைய கட்டடத்தில் ஒழுங்காக வேலைசெய்யும் பிளக் பொயின்ற் ஒன்றே ஒன்று. போயா என்ற பௌர்ணமி லீவுக்கு முதல்நாள் பின்னேரம், குப்பிகள் இருந்த ஆழ்குளிர்ப்பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேத்தலைச் செருகினான். தேத்தண்ணி குடித்தான். கேத்தலைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தான், பொறுப்பான ஆள். மற்றதைத் திரும்பச் செருக மறந்துபோனான்.

போயா அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது நினைவு வந்தது.

கந்தோருக்கு ஓடிப்போனபோது குளிர்ப்பெட்டியின் காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பிளக்கைப் போட்டான். ஆனால் அது பழையபடி குளிர நேரமெடுக்கும். முதலாளி மர்ஸூக் எட்டிப்பார்த்தால் வேலை போகும். குப்பிகளை வீட்டில் உறையவைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று அவனுடைய பெரிய மூளை சொன்னது. குளிர் காக்கும் ரிஜிபோம் பெட்டியில் அடுக்கினான். இடம் காணாத ஒன்றைச் சட்டைப்பையில் போட்டான், இடது பக்கம்.

ஓட்டோவில் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து இறங்கியபோது அந்தக் குப்பியின் மூடி திறந்திருந்தது. சட்டை நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பிழிந்து திரும்ப நிரப்பலாமோ என்றுகூட யோசித்தான், அவ்வளவு நேர்மை. சட்டையை மாற்றினான். கொஞ்ச நேரத்தில் புதுச் சட்டையும் அதே இடத்தில் ஈரமானது. தொட்டுப் பார்த்தான். சுட்டது.

களுபோவில ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருக்கும் மனைவி றோஸிக்கு அன்று ஓய்வு. அவளுக்குத் தெரியாமல் குப்பிகளைப் பிறிட்ஜில் பாரை மீனுக்குப் பின்னால் ஒளித்தான்.

பொழுது சாயச்சாயக் கடற்காற்று உப்பையும் ரெயில்பாதையின் எண்ணெய் நாற்றத்தையும் யன்னலால் கொண்டுவந்தது. போயாவுக்குக் கடைகள் பாதி பூட்டியிருந்ததால் ஒழுங்கை ஓய்ந்துகிடந்தது. அந்த ஓய்வுக்குள், குசினிப் பக்கமிருந்து, ஈரத் துணியை யாரோ மெல்ல மெல்ல நிலத்தில் அடிப்பதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. றோஸியிடம் கேட்டான். பிறிட்ஜின் மோட்டராக இருக்கும் என்றாள், தொலைபேசியிலிருந்து தலை நிமிராமல்.

பிறிட்ஜின் பிளக்கைக் கழற்றினான், இந்தமுறை தெரிந்தே. மோட்டர் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

மர்ஸூக்கை அழைத்தான். உண்மையைச் சொல்ல வாய் வராமல், இந்தப் புரதம் தானாக அசையுமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதாகச் சுற்றிவளைத்தான். மர்ஸூக் சிரித்தார். லீவு நாளில இந்தக் கதை எதுக்கு, ரெண்டு பனடோல் போட்டுட்டுப் படுங்க ஹியூபேட், என்று வைத்துவிட்டார்.

ஹியூபேட் பயந்தான். சத்தம் வேகமானது. மூச்சை அடக்கினான். அது தயங்கியது. இருமினான். அது ஒருமுறை தவறி, திரும்பப் பிடித்துக்கொண்டது.

மணிக்கட்டில் விரலை வைத்தான். ஒன்றுமில்லை. தன் நாடியையே கண்டுபிடிக்கத் தெரியாதவன் இதயம் விற்கிறான் என்று தன்னைத்தானே நக்கலடித்தான். மற்றக் கை. அங்கேயும் இல்லை.

றோஸியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டவில்லை. கையைப் பிடித்தபடி காஸ்ட்ரிக்காக இருக்கும் என்றாள். விரலை இடம் மாற்றினாள். மத்தியானம் சாப்பிட்டது போதாது என்றாள். கழுத்தைத் தொட்டாள். கை இப்பிடிக் குளிருதே என்றாள். பிறகு மற்றக் கையையும் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன, கரண்ட் பில் கட்டேல்லையெண்டு வெட்டிப்போட்டாங்களோ?"

அவள் சிரிக்கவில்லை.

"சமாளிக்காமல் சொல்லும் றோஸி. இருக்கா, இல்லையா?"

முழந்தாளிட்டு அவன் நெஞ்சில் காதை வைத்தாள். ரெயிலொன்று போனது. அது கல்கிசைப் பக்கம் கரையும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அமைதி.

குசினியில் மட்டும் அமைதியில்லை.

அங்கே பிறிட்ஜின் கதவு விரலளவு திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது. உள்ளே இருட்டு. கீழே நீர். நிலவு வெளிச்சத்தில் அதிலிருந்து ஆவி எழும்பியது.

அவள் தலையை எடுத்தாள். கன்னத்தில் சூடான ஈரம். அதைத் துடைக்காமல், அவனைப் பார்க்காமல், குசினியைப் பார்த்தாள்.

"இஞ்ச ஒண்டுமே இல்லை," என்றாள். "உங்கடதுதான் அங்க அடிக்குது."